வெள்ளைப் பக்கம்

ஃபேனைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். பாளையங்கோட்டை வெயிலுக்கு இந்த வேகம் காணாது.

என் தம்பி குமரகுருபரன் விஷயமாக வந்திருக்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் பல்கலைக்கழகம் அண்டார்டிகாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவுக்கு நான் தலைவன். கருவிகளைப் பராமரிக்கத் தம்பி வந்திருந்தான். ஆறு பேருக்கு ஒரே கூடம், அதற்குள் ஒரு சின்ன உள்ளறை. கோடையில் அங்கே சூரியன் அடைவதில்லை. முதல் வாரம் தம்பிக்குத் தூக்கம் போயிற்று. அப்புறம் சாப்பாடு. மூன்றாம் வாரம் சுவரோடு பேசத் தொடங்கினான்.

டாக்டர் தானியேல் என்னைத் தனியே அழைத்தார். "சார், இவரு மனசு இனி தாங்காது. செவ்வாக்கிழம ஹெலிகாப்டர் வருது. ஏத்தி விட்டுருவோம். நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

படிவத்தில் காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. வயிற்றுவலி என்று எழுதச் சொன்னேன். பொய் எழுத மாட்டேன் என்றார். நல்ல மனிதர்.

எங்கள் குடும்பம் ஆழ்வார்குறிச்சி. பெரியப்பாவுக்குப் புத்தி பேதலித்தபோது தாத்தா ஊரைக் கூட்டவில்லை. நெல் போடும் பத்தாயப் புரையில் வைத்துப் பூட்டினார். காசிக்குப் போய்விட்டார் என்று வெளியே சொன்னோம். பத்தொன்பது வருஷம். அத்தைமார் மூவருக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. பெரியப்பாவுக்கு ஜன்னல் வழியே சோறு வைத்தது சிறுவனாயிருந்த தம்பிதான்.

நான் கையெழுத்துப் போடவில்லை என்று தெரிந்ததும் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, என்னையும் புரையில போட்டுட்டியளே."

"வைகாசியில சுகிர்தாவுக்குக் கல்யாணம்லே. எம் மகளுக்குச் சித்தப்பன் கிறுக்கன்னு பேர் வாங்கிக் குடுக்கப் போறியா?"

"கிறுக்கனாவே இருந்துட்டுப் போறேன். வீட்டுக்குப் போயிருதேன். வேணியப் பாக்கணும்ண்ணே."

பொண்டாட்டியைப் பார்க்க வேண்டுமாம். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பிற்பகல் பனிப்புயல் எழும்பியது. கூடத்து வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் ஆளுக்கொரு பெயர் வில்லை. வெளியே போகிறவர் வில்லையைச் சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும், வந்ததும் வெள்ளைப் பக்கம். புயலில் எல்லாம் வெள்ளையாக இருந்தால்தான் கதவுக்கு உள்தாழ் போடலாம். ஒன்று சிவப்பாக இருந்தாலும் தேடிப் போக வேண்டும். தம்பி ஹெலிகாப்டர் இறங்குகிற இடத்தைப் பார்த்து வரப் போயிருந்தான், தினமும் போவான். வில்லையைத் திருப்பிவிட்டுத்தான் போயிருந்தான். அந்த நிலையிலும் ஒழுங்கு தவறவில்லை. எங்கள் வளர்ப்பு.

நான் அதை வெள்ளைப் பக்கம் திருப்பினேன். அவனை நான் தொடவே இல்லை.

சமையல்காரன் பேச்சிராஜ் பலகையைப் பார்த்துவிட்டுத் தாழ் போட்டான். தம்பி எங்கே என்றான். உள்ளறையில் தூங்குகிறான், எழுப்பாதே என்றேன்.

"நாலு நாளாக் கண்ண மூடாத மனுசன். நல்லா ஒறங்கட்டும் சார்."

சற்று நேரத்தில் பேச்சிராஜே தலையைத் தூக்கினான். "சார், யாரோ கதவத் தட்டுதாங்க."

"இங்கன எவம்லே தட்டப் போறான், பெங்குவினா? காத்துல டிரம் உருளுது. சோலியப் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். தானியேல்கூட.

மறுநாள் கதவைத் திறக்கப் பனியை வெட்ட வேண்டியிருந்தது. வாசலிலேயே கிடந்தான். வில்லையைத் திருப்ப மறந்து வெளியே போயிருக்கிறான் என்று அறிக்கை எழுதினோம். உடலைக் கொண்டுவந்து தாமிரபரணிக் கரையில் எரித்தோம். ஆய்வுப் பணியில் உயிர்நீத்தவர் என்று ஊரில் பேனர் வைத்தார்கள். சம்பந்தக்காரர்கள் தாங்களாகவே வந்து, கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்றார்கள். சாவுத் தீட்டு பதினாறோடு போகும். கிறுக்கு என்ற பேர் போகாது.

தட்டும் சத்தம் எவ்வளவு நேரம் கேட்டது என்கிறீர்கள். நாற்பது நிமிஷம். நான் கதவை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.

தட்டினானே தவிர அவன் அழவில்லை, குரல் கொடுக்கவில்லை. கடைசியிலாவது எங்கள் வீட்டுப் பிள்ளையாக நடந்துகொண்டான். 'அண்ணே' என்று கூப்பிட்ட சத்தம் கேட்டதாகப் பேச்சிராஜ் வேணியிடம் சொல்லியிருக்கிறான். அதை மட்டும் எழுதாதீர்கள், இன்ஸ்பெக்டர். அவனைவிடக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான்; எனக்குக் கேட்கவில்லை.