குத்தாலிங்கம் சில்க்ஸ் என்று தேடினால்

"ஹலோ… ஏலே, வைக்காத, வைக்காத! அக்காதான் பேசுதேன்… ஆமா, ஆமா, ஆபீஸ்லதான். கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருக்கேன்."

மாரிச்செல்வி எங்கே உட்கார்ந்தாள்? தென்காசி கேபிள் சேனலின் பின்னறையில், நாற்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே தட்டிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஆட்டோ ஓட்டும் தம்பி அருண்பாண்டி, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறான். சூரசம்ஹாரத்தன்று சாயங்காலம் குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் பஜ்ஜிக்கடை ஆனந்தவள்ளியை ஓர் ஆட்டோ இடித்துவிட்டுப் போய்விட்டது. இடுப்பு முறிந்து அந்தம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஆட்டோ அருண்பாண்டியுடையது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவனோ, அந்நேரம் ஆய்க்குடியில் சூரசம்ஹாரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறான். தம்பி சொன்ன பிறகு அக்காவுக்கு வேறு சாட்சி எதற்கு? எங்கள் சேனல் காமிரா அங்கேதான் நின்றது, சாயங்காலத்துக்குள் வீடியோவோடு வருகிறேன் என்று இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே சவால் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"தேடிட்டுத்தாம்லே இருக்கேன்! 'ஆய்க்குடி'ன்னு அடிச்சேன், ஒண்ணையும் காணும். 'சூரசம்ஹாரம்'… அதுவும் இல்ல. 'முருகன்'னு அடிச்சா முருகன் டயர்ஸ் திறப்பு விழால்லா வருது… சிரிக்கக் கூடாதுலே, எனக்கு வயித்தெரிச்சலா வருது… என்னது?… விட்டுறவா? ஏன் விடணும்?… வக்கீலு பாத்துக்கிடுவாரா? வக்கீலு என்ன, உன்கூட சாமி பாக்க வந்தாரா? சும்மா கெட."

தப்பு பேச்சிராஜ் செய்தது. வீடியோக்களை லைப்ரரியில் ஏற்றிப் பெயர் போட்டவன் அவன்தான். போன வாரம் விமானம் ஏறி, இப்போது மஸ்கட்டில் சுகமாக இருக்கிறான். ஒவ்வொரு வீடியோவுக்கும் இடம், நிகழ்ச்சி, ஆட்கள், குறிச்சொல் என்று நான்கு பெட்டிகள். அந்த மகராசன் குறிச்சொல்லை மட்டும் நிரப்பிவிட்டு மற்ற மூன்றையும் வெறும் பெட்டியாகவே விட்டிருந்தான். அவன் போன பிறகே இந்த அறை வேலைக்கு வந்த மாரிச்செல்விக்கு அவன் எந்தக் கணக்கில் பெயர் வைத்தான் என்று யார் சொல்வார்கள்?

"இரு… இருலே, ஒரு நிமிசம். டயர் கடை… கீழப்பாவூர் தேரோட்டத்துக்கு 'நூர்நிஷா பாத்திரக்கடை'ன்னு போட்டிருக்கான்… ஏ, கண்டுபிடிச்சிட்டேன்! வெளம்பரம் குடுத்தவன் பேருலே! எல்லாத்தையும் வெளம்பரக்காரன் பேருல போட்டு வச்சிருக்கான், சவத்து மூதி!"

அவனையும் குறை சொல்ல முடியாது. என் பேனர் எங்கே, எத்தனை தடவை காட்டினாய் என்று விளம்பரதாரர்தான் வந்து வீடியோ கேட்பார். முருகனா வந்து கேட்கப் போகிறார்?

"சூரசம்ஹாரத்துக்கு வெளம்பரம் யாரு… குத்தாலிங்கம் சில்க்ஸ்! ஆமா, அவுகதான். அடிக்கேன்… வந்துட்டு! வந்துட்டுலே! ரெண்டு வீடியோ, அதே நாளு! ஏன்லே பேச மாட்டேங்குத? சந்தோசமா இல்லியா?… சரி, எங்கன நின்ன, சொல்லு… கோயில் வாசலா? ஓட்டிப் பாக்கேன்… காணுமே… என்னது, இப்ப கொளத்துப் பக்கம்ங்குத? இப்பத்தான வாசல்னு சொன்ன?… சரி, கூட்டத்துல தெரியாதுதான். அன்னிக்கு நீலச் சட்டதான போட்டிருந்த? இல்ல… இங்கனயும் இல்ல… அடுத்ததப் பாக்கேன்."

அடுத்த வீடியோ ஆய்க்குடி இல்லை. ஐந்தருவி ரோட்டில் குத்தாலிங்கம் சில்க்ஸ் கட்டியிருந்த பெரிய பேனர். விளம்பரத்துக்காக லாட்ஜ் மாடியில் காமிராவை வைத்து ஓடவிட்டு, காமிராக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பட்டுப்புடவைக்காரி சிரித்துக்கொண்டே இருந்தாள். பேனருக்குக் கீழே, மூலையில், ஒரு பஜ்ஜிக்கடை வண்டி.

"இது குத்தாலம்லா… வேண்டாமா? ஏன் பாக்க வேண்டாம்?… ஏலே, எதுக்கு இப்பம் கத்துத?"

அவள் நிறுத்தவில்லை. தூறலில் ஓர் ஆட்டோ வளைந்து வந்தது. பஜ்ஜி வண்டி சரிந்தது. ஆட்டோவின் முதுகில் மஞ்சள் எழுத்து: 'அம்மா மூக்கம்மாள்'. தம்பி ஆட்டோவில் அவள் ஆசைப்பட்டு, அவளே நின்று ஒட்டவைத்த பெயர். முதல் தடவையாக மாரிச்செல்வி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இருக்கேன். லைன்லதான் இருக்கேன்… நீ ஆய்க்குடிக்கே போவலியாலே?… பொய் சொல்லாத. அம்மா பேரு தெரியுது, அருணு… நிக்காம போயிருந்தாக்கூட, பயத்துல போயிட்டான்னு மனசத் தேத்திக்கிடுவேன். நீ நிப்பாட்டியிருக்க. எறங்கியிருக்க. அந்தம்மா உன்னப் பாத்துக் கைய நீட்டுது… பாத்துட்டுத் திரும்ப ஏறியிருக்கியே, பாவி! எப்படிலே ஏறுன?"

வெளியே யாரோ விளம்பரப் பாக்கியைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

"என்ன சொல்லுத?… அழிக்கவா?… ஆமா, யாருக்கும் தெரியாதுதான். பேனரு வீடியோவ எவன் பாக்கப் போறான்… ஆமா, ஆமா, ஒரு பட்டன்தான்… அம்மா மேல சத்தியமா? அவ பேர இனி இழுக்காத, கேட்டியா!… அழாத. ஏலே, அழாதன்னு சொல்லுதேன்லா. எனக்கு மட்டும் என்ன, கல்லா மனசு?… நான் வருதேன். வீடியோவோட வருதேன்னு சொன்னேம்லா, வருதேன். அதுக்கு முன்னால நீயா உள்ள போயிச் சொல்லிரு. அக்கா காட்டிக் குடுத்தான்னு இருக்க வேண்டாம், நீயா சொன்னதா இருக்கட்டும்… நான் உன்கூடத்தான் நிப்பேன்… கேக்கா? ஏலே… அருணு?"

அவன் வைத்துவிட்டான்.

திரும்ப அடித்தாள்; எடுக்கவில்லை. திரையில் 'நீக்கு' பொத்தான் இருந்தது. கை அதன் பக்கம் போகத்தான் செய்தது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் அதை அழித்துவிடத் தன் மனசு என்னென்ன நியாயம் பேசும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

பேச்சிராஜ் நிரப்பாமல் விட்ட பெட்டிகளுக்கு வந்தாள். இடம்: ஐந்தருவி ரோடு. ஆட்கள்: ஆனந்தவள்ளி, அருண்பாண்டி. சேமித்தாள். பென்டிரைவைச் சொருகிவிட்டு, தேடும் இடத்தில் தம்பி பெயரை அடித்துப் பார்த்தாள்.

உடனே வந்துவிட்டது.