மர வரிசை ஓரம்

— அதைத் துடைக்காதீங்க அத்தான், கீழ வைங்க! இந்தக் கம்பியெல்லாம் எங்க கிடைச்சுது?

— வந்ததும் வராததுமா என்ன அதட்டல்? மைதானத்துலதான். மர வரிசை ஓரமா, மண்ணுக்குள்ள உலோகம் தேடற என் மெஷின் கத்துச்சு. முழங்கை ஆழம் தோண்டினேன். புதையல்னு பாத்தா துருப்பிடிச்ச கம்பி.

— யாரைக் கேட்டுத் தோண்டினீங்க?

— ஆரம்பிச்சுட்டியா! சர்வேயர் வேலைக்குப் போனதுலேர்ந்து உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு கையெழுத்து வேணும். அது பொது இடம். நான் பொதுஜனம். என் வீட்டுக் கூடத்துல நடக்க எனக்கே நான் மனு போடணுமா? நியாயத்தைச் சொல்லு.

— நடக்க மனு வேணாம். தோண்டத்தான் வேணும்.

— ரெண்டாயிரம் பேர் மிதிக்கற மண்ணு! ஆணி, மூடி, உடைஞ்ச பூட்டுன்னு எவ்வளவு பொறுக்கியிருக்கேன் தெரியுமா? பசங்க கால்ல குத்தாது. நியாயமாப் பாத்தா உங்க ஆபீஸ் எனக்கு நன்றி சொல்லணும்.

— எத்தனை கம்பியை எடுத்தீங்க?

— அதைக் கேளு! ஒண்ணு கிடைச்சுதா, அதே நேர்கோட்டுல அடுத்தது. அப்புறம் அடுத்தது. மூளை வேணும்ல? ஒண்ணு விடாம எடுத்துட்டேன்.

— ஒண்ணு விடாமயா?

— அரைகுறை வேலை நம்ம கிட்ட ஏது?

— ஐயோ அத்தான்! அது குப்பை இல்ல. மைதானத்தோட எல்லை.

— எல்லைக்குக் கல்லுதானே வைப்பாங்க?

— கல்லைத்தான் பக்கத்து மனைக்காரன் நகர்த்தி வச்சுக்கிட்டு, பாதி மைதானம் என்னோடதுன்னு கேஸ் போட்டிருக்கானே! இப்படி எவனாவது நகர்த்துவான்னு தெரிஞ்சுதான், கல்லு நடும்போதே ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு கம்பியைப் புதைச்சாங்க. நாளைக்கு கோர்ட் ஆளுங்க முன்னாடி, இதே மாதிரி ஒரு மெஷினை வச்சு நான் தேடிக் காட்ட வேண்டியது இதைத்தான்.

— எந்த மனைக்காரர்? மஞ்சள் சுவரு வீடா?

— அவனேதான். ஏன்?

— ஒண்ணுமில்ல. கம்பி எங்கயும் போகலையே, இப்பவே போய்ப் பழையபடி புதைச்சுடலாம். கிளம்பு, நானே குழி தோண்டறேன்.

— புதுசாக் கிளறின மண்ணுக்குள்ள கம்பி இருந்தா, நேத்து நட்டுட்டு நாடகமாடறாள்னு என்னையே கூண்டுல ஏத்துவான். பொய் சாட்சி தயார் பண்ணச் சொல்றீங்களா? உங்க பேத்தி சைக்கிள் கத்துக்கிட்டது எங்க அத்தான்?

— அங்கதான்.

— அந்தப் பசங்க எல்லாம் இனிமே எங்க போவாங்க? ரோட்டுலயா? எல்லாருக்கும் சொந்தம்னா அது எங்களுக்கும் சொந்தம்தானே! எங்க பங்கை யாரைக் கேட்டு அள்ளுனீங்க? நான் தினமும் உங்க வாசலைத் தாண்டித்தான் ஆபீஸ் போறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த மர வரிசை ஓரம் மட்டும் வேணாம்னு சொல்லியிருப்பேன். மச்சினிகிட்ட கேட்டா கௌரவம் குறைஞ்சிடுமா?

— கேட்காம ஒண்ணும் தோண்டலை.

— என்னது?

— மொத நாள் மெஷினைத் தூக்கிட்டுப் போனப்ப அங்க ஒருத்தர் நின்னுட்டிருந்தாரு. மைதானத்தைப் பாத்துக்கறவர் போலன்னு நினைச்சு, இங்க தோண்டலாமான்னு மரியாதையாத்தான் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே 'தாராளமா தோண்டுங்க'ன்னாரு. மர வரிசை ஓரத்துல தேடினா நிறைய கிடைக்கும்னு அவரே கூட நடந்து வந்து காட்டினாரு. மண்வெட்டி கூட அவருதுதான்.

— யாரு அத்தான்?

— மஞ்சள் சுவருக்காரரு.