ஆறாவது விரல்

...நான் வரைஞ்ச படத்த அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க அக்கா. மினெகிஷி அம்மா, எங்க பதிப்பாசிரியர். பறவைக் கையேடு ஒண்ணு போடறாங்க. அதுல பருந்து, வல்லூறு எல்லாம் நான்தான் வரையறேன். இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் நான்தான். அதுக்குள்ள தப்ப ஒத்துக்கலேன்னா சுகுதாகிட்ட குடுத்துருவாங்களாம். கம்ப்யூட்டர்ல வரையற பய. தூரிகைய அலசின தண்ணிய டீன்னு நெனச்சுக் குடிச்சிருப்பானா ஒரு நாளாவது?

நீங்க தொலைநோக்கியப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசறேன்.

என்ன தப்புங்கறீங்களா? விரல்தான். பருந்து றெக்கைய விரிச்சா நுனி இறகெல்லாம் விரல் மாதிரி தனித்தனியா நிக்குமே, அது. சஷிபாப் பருந்துக்கு நான் ஆறு போட்டேன். அந்தம்மா அஞ்சுங்கறாங்க. "இராகோ முனைக்குப் போங்க, இப்ப பருந்தெல்லாம் கூட்டமா தெக்க போற சமயம், எண்ணிட்டு போன் பண்ணுங்க"ன்னு, பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. காலையிலேர்ந்து இந்தக் கடல்காத்துல நிக்கறேன், ஒண்ணாவது வந்துச்சா?

பருந்து பாக்க வந்த மத்தவங்கள்லாம் ஏன் உஷ்ஷுங்கறாங்க? நான் பேசறது பருந்துக்குக் கேக்கவா போகுது.

சோத்துருண்டை சாப்பிடறீங்களா? உள்ள உப்புப் பிளம் வச்சிருக்கு. வேண்டாமா. சரி.

ஆறு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்க கேக்கல, உங்க பார்வை கேக்குது. ஒரு றெக்கை வரையறதுன்னா லேசா அக்கா... கண்ணே போயிரும். அதான் போன வருஷம் வரைஞ்ச தேன்பருந்தோட றெக்கைய ட்ரேசிங் பேப்பர் வச்சு அப்படியே எடுத்தேன். அதுக்கு ஆறு, சத்தியமா ஆறு. என் படத்த நானே காப்பியடிச்சா அது திருட்டா? இருந்தாலும் ஒரு உறுத்தல் இருக்கு... உசுரோட ஒரு பருந்த நான் கடைசியா எப்ப பாத்தேன்? மியூசியத்துல பஞ்சடைச்சத வச்சுத்தான் பொழப்பே ஓடுது. அதுல ஒரு சௌகரியம், நாம பேசறப்ப பறந்து போயிடாது.

எதுக்குக் கைதட்டறாங்க?

போயிருச்சா? தலைக்கு மேலயா... கூட்டமாவா? நான் உங்க மூஞ்சியப் பாத்துல்ல பேசிட்டிருந்தேன்.

சரி, நீங்க பாத்தீங்கல்ல. தொலைநோக்கிக் கால ஏன் மடக்கறீங்க? அக்கா, அஞ்சா ஆறா, அத மட்டும் சொல்லிட்டு... பஸ்ஸா? சரி, பாத்துப் போங்க. தங்கமான மனுஷி, அவ்வளவு தூரம் போயும் திரும்பிக் கை காட்டறாங்க.

ஆனா கைய ஆட்டவே இல்லையே. அப்படியே விரிச்சுப் பிடிச்சிருக்காங்க.

ஓ.

அக்கா... கட்டவிரலையும் சேத்துத்தானா?