மேலே யாரும் இல்லை

மாடு வளர்க்கிறவனுக்கு மாசி மாதம் பெரிய தொல்லை, ஐயா. தேயிலை மலைக்கு மேலே இருக்கும் புல்வெளியை நாங்கள் பத்தனை என்போம். அந்த மாதம் அது காய்ந்து கிடக்கும், மாடு வாயே வைக்காது. அதனால் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் ஆட்கள் வருஷம் ஒரு தடவை அதற்குத் தீ வைப்பார்கள். சட்டப்படி தப்புதான். ஆனால் மழை விழுந்ததும் வருகிற தளிரைப் பார்த்தால் நீங்களும் கண்டுகொள்ளாமல் போய்விடுவீர்கள்.

ஜெயந்தினியும் நானும் ஒரே லயம், ஒரே வரிசை வீடுகள். ஒன்றாகத்தான் கெம்பசுக்குப் படிக்கப் போனோம். தீ வைத்த இடத்தில் எந்தப் புல் முளைக்கிறது, எது அழிந்துபோகிறது என்று எண்ணிப் பார்க்கும் யோசனை என்னுடையது. சின்ன வயதிலிருந்து அங்கே மாடு மேய்த்தவன் நான். அவளுக்கு மானாப்புல்லைத் தவிர வேறு புல் தெரியாது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காட்டியதும் நான்தான்.

புல்வெளிப் பாதுகாப்பு ஆய்வுக்கு ஒரு மாணவருக்கு உதவித்தொகை தருவதாக ஓர் அறக்கட்டளை அறிவித்தது. எனக்கு இங்கிலிஷ் எழுத வராது. "நீ எழுது ஜெயந்தி, நான் விஷயத்தச் சொல்றேன்" என்றேன். எழுதினாள். முடிவு வந்தபோது அதில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

கேட்டேன். "ஒரு ஆளுக்குத்தான் எடம்னாங்க வினோ. ஒனக்கு ரெண்டு பாடம் பாஸாகல. ஒன் பேரப் போட்டா ரெண்டு பேருக்கும் கெடைச்சிருக்காது, கோவிச்சுக்காத" என்றாள்.

என் மலை, என் கேள்வி. அந்த உதவி கிடைத்திருந்தால்தான் நான் படிப்பை முடித்திருப்பேன். இல்லையென்றால் கொழும்பில் ஏதாவது கடைதான். கூடப் பிறந்தவளைப் போல நம்பினேன், ஐயா. ஆனாலும் சண்டை போடவில்லை. தீபாவளிக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

தீ வைக்கும் முன் ஒருவர் மேலே ஏறி, புல் அறுக்கிறவர்கள் யாராவது இருந்தால் கூப்பாடு போட்டு இறக்கிவிட வேண்டும். அவர் வந்து சொன்ன பிறகுதான் கீழே மூன்று பக்கமும் பற்றவைப்பார்கள். இந்த வருஷம் அந்த வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை தீ என்று ஜெயந்தினிக்குச் சொல்லியிருந்தேன். பிறகு அதை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள். சொல்ல மறந்துவிட்டது.

மேலே போனேன். கம்பிச் சட்டத்தைத் தரையில் வைத்து, குப்புறப் படுத்து அதற்குள் இருந்த புல்லை எண்ணிக்கொண்டிருந்தாள் ஜெயந்தினி. தீக்கு முந்திய கணக்கு, நான் சொல்லிக்கொடுத்த முறை. கெம்பஸ் பை பக்கத்திலேயே கிடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கும் போகாமல் நேரே ஏறியிருக்கிறாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

கீழே முத்துலிங்கம் மாமா, ஜெயந்தினியின் அப்பா, காத்துக்கொண்டு நின்றார். "யாரும் இருக்காங்களா தம்பி?" என்றார்.

"மேல யாரும் இல்லீங்க மாமா."

அவர்தான் பற்றவைத்தார். தீப்பெட்டியை நான் தொடவே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள். மாமா இன்னும் யாரோடும் பேசவில்லை என்கிறார்கள்.

நேற்று அறக்கட்டளையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என்னையும் சேர்க்கச் சொல்லி அவள் மூன்று முறை எழுதிக் கேட்டாளாம். இப்போது சம்மதித்துவிட்டார்களாம். பாருங்கள் ஐயா, அதைக்கூட அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தானே செய்திருக்கிறாள்.