சீனிச்சாமியின் இரண்டாவது கேள்வி

வாசலில் செருப்புகள் கலைந்து கிடந்தால் என்னால் உள்ளே போய் நிம்மதியாக உட்கார முடியாது மேடம். மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் கம்பெனியிலிருந்து நேராக ஓடி வருவார்கள், செருப்பை உதறிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நான் எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து வைத்த பிறகுதான் போவேன். அடுத்தவர் செருப்பை நான் தொடலாமா என்று பாதி வகுப்பில் சந்தேகம் வரும். அப்போதும் எழுந்து வந்து ஒருமுறை சரிபார்ப்பேன். எல்லாவற்றிலும் நான் அப்படித்தான்.

நீங்கள் கேட்டது அந்தப் பிரிண்ட் அவுட்டைப் பற்றி. ஆமாம், அது எங்கள் இணையதளத்தின் பக்கம்தான். அதில் இசக்கிமுத்து அண்ணன் பெயரில் இருப்பது அவரே எழுதியதுதான். ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. என் வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சாயத் தொழில் வகுப்பு நடத்தும் ஈஸ்வரமூர்த்தி சார் போன வருடம் அந்தத் தளத்தை ஆரம்பித்தார். சாயப்பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் அதில் சந்தேகம் கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் எழுதலாம். ஒரு கேள்வியும் அதன் கீழே சேரும் பதில்களும் ஒரு திரி. கொஞ்ச நாளிலேயே அது சந்தைக்கடை ஆகிவிட்டது. கறுப்புச் சாயத்துக்கு எவ்வளவு உப்பு என்று ஒருவர் கேட்டிருப்பார், அதன் கீழே இன்னொருவர் வாடகைக்கு வீடு தேடுவார், மூன்றாமவர் பொங்கலூரில் மழையா என்று விசாரிப்பார். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பை சார் எனக்குக் கொடுத்தார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் துணிகளை வகை பிரித்து அடுக்குவதுதான் என் பகல் வேலை. அதனால் இது எனக்குச் சுலபமாகக் கைவந்தது. இடம் மாறி விழுந்த பதிவை உரிய திரிக்கு நகர்த்துவேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு திரி இருந்தால் ஒன்றாகச் சேர்ப்பேன். திரும்பக் கேட்ட கேள்விகளை எடுத்துவிடுவேன். தலைப்பு சரியாக வைத்தேனா என்று யோசித்து யோசித்துத் தூங்காமல் கிடந்ததும் உண்டு.

இசக்கிமுத்து அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு பெரிய சாயப்பட்டறையில் ஷிப்ட் இன்சார்ஜ். எங்களோடு டிப்ளமோ படிக்கிறார். யார் கேட்டாலும் அவர் பதிலுக்குத்தான் காத்திருப்பார்கள். அவரிடம் ஒரே ஒரு குறை. பதில் எழுதும்போது, எந்தக் கேள்விக்கு என்று மேற்கோள் காட்ட மாட்டார். அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் கேள்வி தானாக மேலே வந்து உட்காரும். அமுக்கவே மாட்டார். இதை ஒரு நாள் வகுப்பில் அவரிடம் சொன்னேன்.

“அண்ணா, அந்தப் பட்டனை அமுக்கிட்டு எழுதுங்கண்ணா. எதுக்குப் பதில்னு தெரியோணுமில்லீங்க.”

“ஏம்ல, கேட்டவனுக்குத் தெரியாதா அவன் என்ன கேட்டாம்னு?” என்றார். “தம்பி, நீ பேசாம எங்க பேக்கிங் செக்‌ஷனுக்கு வந்துரு. நாள் பூரா பனியனை மடிச்சு மடிச்சு வைக்கலாம். உனக்குன்னே செஞ்ச வேலைல்லா அது.”

வகுப்பே சிரித்தது. முன் பெஞ்சில் இந்துமதி முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து எனக்கு ‘பேக்கிங்’ என்று பெயர். எனக்குக் கோபம் வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டன் எதற்கென்று ஒரு தடவையாவது அவருக்குப் புரிய வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

அந்த வார ஞாயிறு மாலை இரண்டு கேள்விகள் தனித்தனித் திரிகளாக வந்தன. முதலில் கேட்டது சந்தனம் என்ற ஆபரேட்டர். சாயம் போடும் வின்ச் மெஷினுக்குள் துணி சுற்றிக்கொண்டுவிட்டது, உள்ளே இறங்கி எடுக்க எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கேட்டிருந்தார். சற்றுப் பின்னால் சீனிச்சாமி கேட்டார். மங்கலத்தைத் தாண்டி ஒரு சின்னப் பட்டறையில் அவர் சூப்பர்வைசர். கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது, ஆள் இறங்கி எடுக்கலாமா என்பது அவர் கேள்வி.

இசக்கிமுத்து அண்ணன் இரண்டுக்கும் பதில் எழுதினார். சந்தனத்துக்கு எழுதியது சின்னது: “மூடியைத் திறந்துபோட்டு அரை மணி நேரம் ஆற விடுங்க. அப்புறம் தாராளமா இறங்கலாம். பயப்பட ஒண்ணுமில்ல.” சீனிச்சாமிக்கு எழுதியது நீளம். அவருடைய சித்தப்பா மகன் ஒரு கழிவுத் தொட்டிக்குள் இறங்கி ஏறாமலே போன கதை. கடைசி வரியில், “எத்தனை நேரம் திறந்து போட்டாலும் யாரும் இறங்காதீங்க” என்று இருந்தது.

இரண்டு கேள்வியும் இறங்கிச் சுத்தம் செய்வது பற்றித்தான். அதனால் திரிகளைச் சேர்த்தேன். சேர்த்தால் பதிவுகள் நேர வரிசைப்படி தாமாக அடுக்கிக்கொள்ளும். அது மென்பொருளின் வேலை, என் கை அதில் இல்லை. முதலில் மெஷின் கேள்வி, அடுத்தது தொட்டிக் கேள்வி, அதன் கீழே “அரை மணி நேரம் ஆற விடுங்க”, கடைசியில் அந்த நீளமான கதை. சொந்தக் கதைகளுக்கு ‘அனுபவங்கள்’ என்று தனிப் பகுதி வைத்திருக்கிறேன். அந்தப் பதிவை அங்கே நகர்த்தினேன்.

பிறகு பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். தொட்டியில் இறங்கலாமா என்று சீனிச்சாமி கேட்கிறார், தாராளமாக இறங்கலாம் என்று இசக்கிமுத்து அண்ணன் சொல்கிறார். படிக்க ஒரு மாதிரிதான் இருந்தது. இது சரியா என்று யோசித்தேன். மேற்கோள் காட்டியிருந்தால் இப்படி ஆகுமா என்றும் யோசித்தேன். அண்ணன் இதைப் பார்ப்பார், எல்லோர் முன்னாலும் வெட்கப்படுவார், திருந்துவார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சீனிச்சாமி அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார். அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் டவுனுக்கு வந்து பிரவுசிங் சென்டரில் பார்க்கிறவர். நகர்த்திய கதையை அவர் படிக்கவே இல்லை. திங்கட்கிழமை காலை தொட்டி மூடியைத் திறந்து, அரை மணி நேரம் கழித்து, நல்லான் என்ற தொழிலாளியை இறக்கியிருக்கிறார். நல்லான் உள்ளே சாய்ந்ததும் தூக்குவதற்கு இவரே குதித்திருக்கிறார். மேலே வந்தது இரண்டு பிணம். பட்டறை முதலாளி இந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து, “நாங்களா இறக்கலீங்க, வெவரம் தெரிஞ்சவரு எழுதினாருங்க” என்று உங்களிடம் கொடுத்துவிட்டார். அதனால் இசக்கிமுத்து அண்ணன் உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். நான் மெஷினுக்குச் சொன்னேன் என்று அவர் கத்துவது இந்த அறை வரைக்கும் கேட்கிறது. அவர் சொல்வது உண்மைதான். நான் இப்போது சொல்வதை வைத்து நீங்கள் அவரை விடலாம்.

நீங்கள் நல்லவர் மேடம். சற்று முன் பேனாவை மூடிவிட்டு, “உங்க மேல தப்பு எண்ணமில்லீங்க தம்பி, தெரியாம நடந்துபோச்சு. கவனக்குறைவுன்னு எழுதிக்கறேன், கையெழுத்துப் போட்டுட்டு ஊட்டுக்குப் போங்க” என்றீர்கள். நான் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தண்ணீரும் கொடுத்தீர்கள்.

நீங்கள் பக்கத்தின் கடைசி வரியைப் படிக்கவில்லை. “பதில் மேலே உள்ளது. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டாம். திரி பூட்டப்படுகிறது.” அது நான் எழுதியது. யாருக்கு எழுதினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

அந்த ஞாயிறு மாலை நானும் பிரவுசிங் சென்டரில்தான் இருந்தேன். சீனிச்சாமி வேறு ஏதோ சென்டரில் இருந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பதிவு போட்டார். “ஏனுங்க, இந்த அரை மணி நேரக் கணக்கு தொட்டிக்குமுங்களா, மெஷினுக்கு மட்டுமுங்களா? காலைல ஆளு எறக்கோணும். யாராச்சும் கொஞ்சம் சொல்லுங்க சாமி.”

இசக்கிமுத்து அண்ணன் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஊருக்குப் போக ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி, “என்ன பேக்கிங், டீ சொல்லட்டா?” என்றார். சொல்லுங்கண்ணா என்றேன். டீ வந்தது, குடித்தோம். என் திரையைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பியிருந்தால் போதும்.

கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கக் கூடாது என்பது விதி. சீனிச்சாமியின் பதிவை எடுத்துவிட்டு, அந்த வரியை எழுதித் திரியைப் பூட்டினேன். சிறிது நேரத்தில் அவரிடமிருந்து எனக்குத் தனிச்செய்தி வந்தது. “மன்னிச்சுக்கோங்க தம்பி. மேல இருக்கறத சரியாப் பார்க்காமக் கேட்டுப்போட்டேன்.” பரவாயில்லை என்று பதில் போட்டேன்.

ஆகவே அந்தக் கவனக்குறைவு என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள் மேடம். அதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது. மறுநாள் காலையில் ஆள் இறங்கப்போகிறான் என்பதும், இறங்கினால் ஏற மாட்டான் என்பதும், அதைச் சொல்லக்கூடியவர் என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரிந்துதான் செய்தேன். முழுதாகப் படிக்காமல் நான் எந்தத் திரியையும் பூட்டியதில்லை.