வெறுங்குழல்

துர்கா: குழல அந்தப் பக்கம் காட்டாதீங்க தலைவரே! மெல்லிசு செவுரு, அந்தாண்ட ரேணுகாக்கா தறி ஓடுது.

ஆதிகேசவன்: வெறுங்குழல் தானம்மா. இதுக்குப் போயி…

துர்கா: எதுவா இருந்தாலும் கீழ காட்டுங்க. துப்பாக்கிக் கடைல குழல ஆட்டிக்கினு பேசக்கூடாது.

ஆதிகேசவன்: உங்கப்பா கடை பாத்தப்பவும் துப்பாக்கிக் குதிரைய இழுத்துப் பாத்துட்டுத்தான் வாங்கிக்கினு போவேன். எலெக்‌ஷன்னு எல்லாரும் ஒப்படைக்கணும்னு சொல்லி என் துப்பாக்கிய ரெண்டு மாசம் உள்ள வெச்சிக்கினு இருந்த. துரு ஏறிச்சா இல்லியான்னு பாக்க வேணாமா?

துர்கா: பாத்தாச்சில்ல? குதிரைய எறக்கிட்டு கூரம் பஸ்ஸப் புடிங்க. கடலக்காக் கொல்லைல பன்னி காத்துக்கினு இருக்கும்.

ஆதிகேசவன்: எறக்கறேன்… ஏம்மா, இது…

துர்கா: இன்னா?

ஆதிகேசவன்: நிக்க மாட்டேங்குது.

துர்கா: எது?

ஆதிகேசவன்: குதிரை. பின்னாடி இழுத்தா டக்குனு மாட்டிக்கினு நிக்கும்ல? மாட்டல. கட்டவெரலு தான் புடிச்சிக்கினு இருக்குது. எடுத்தா அடிச்சிடும்.

துர்கா: உள்ள பல்லு தேஞ்சிருக்கும். மெதுவா முன்னாடி கொண்டாங்க.

ஆதிகேசவன்: எங்க மெதுவா… சக்கர நோவுக்காரன்மா நானு. வெரலு மரத்துப் போயி இருக்குது. கூடவே வேர்க்குது.

துர்கா: வெறுங்குழல் தான? அப்படியே விட்டுடுங்க. டிக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான்.

ஆதிகேசவன்: விட்டுடலாம்…

துர்கா: விடுங்க.

ஆதிகேசவன்: நீ பாத்தல்ல? வாங்கறப்ப குழல மடக்கித் தொறந்து பாத்துட்டுத் தான உள்ள வெச்ச?

துர்கா: பாக்காம வெப்பனா? இங்க அதான ரூலு.

ஆதிகேசவன்: பாத்தப்ப… உள்ள ஒண்ணும் இல்ல?

துர்கா: இன்னா இருக்கும்? வெறுங்குழல்னு சொல்லி நீங்க தான குடுத்தீங்க?

ஆதிகேசவன்: சொன்னேன். ஆமா… சொன்னேன்.

துர்கா: அப்பறம் இன்னா?

ஆதிகேசவன்: ஒண்ணுமில்ல. நீ கொஞ்சம் தள்ளி நில்லு.

துர்கா: வெறுங்குழலுக்கு நான் எதுக்குத் தள்ளி நிக்கணும்?

ஆதிகேசவன்: நீ எதுக்கு பீரோ பின்னாடி போயி நிக்கற?

துர்கா: …தொடைக்கறதுக்குத் துணி எடுக்க வந்தேன்.

ஆதிகேசவன்: எடுத்துட்டல்ல, வா இப்டி.

துர்கா: நீங்க மொதல்ல குதிரைய விடுங்க.

ஆதிகேசவன்: கேக்குதா? சரவெடி.

துர்கா: ஜெயிச்சவங்க ஊர்வலம். பிள்ளையார்பாளையம் பூரா சுத்திட்டு நம்ம தெருவுக்கு வராங்க. சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுக்காதீங்க.

ஆதிகேசவன்: எதிர்க்கட்சிக்காரன் வேட்டுக்கு பயப்படற ஆளா நானு?

துர்கா: கை ஆடுது தலைவரே.

ஆதிகேசவன்: ஆடுது தான்… வழுக்குதும்மா. ஒண்ணு சொல்றேன், கேளு. வேட்டு நம்ம வாசலுக்கு வரட்டும். அந்தச் சத்தத்தோட சத்தமா விட்டுடறேன். வெளிய யாருக்கும் தெரியாது.

துர்கா: இன்னா தெரியாது? வெறுங்குழலுக்கு எதுக்கு வேட்டுச் சத்தம்?

ஆதிகேசவன்: டிக்குனு வெளிய கேக்குமேன்னு…

துர்கா: தோட்டா இருக்குதா உள்ள?

ஆதிகேசவன்: நீ தான் பாத்தேன்னியே.

துர்கா: நான் உங்களக் கேக்கறேன். இருக்குதா, இல்லியா?

ஆதிகேசவன்: ஒண்ணு… ஒண்ணே ஒண்ணு.

துர்கா: ஐயோ!

ஆதிகேசவன்: என் வீட்டுக்காரி தில்லையம்மா போட்டது. அடுத்த வீட்டு ஏனத்த வெறுமனே திருப்பிக் குடுப்பமா? துளி சக்கரையாவது போட்டுத் தான குடுப்போம்? அந்த மாதிரி, துப்பாக்கியும் வெறுமனே வாசப்படி தாண்டக் கூடாதாம். தோட்டாக்கு குங்குமம் வெச்சு உள்ள போட்டுட்டா. எங்கம்மா காலத்துலேர்ந்து அதான் பழக்கம்.

துர்கா: பழக்கமா! போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்திருந்தா இப்டி சொல்லுவீங்களா?

ஆதிகேசவன்: அங்க குடுத்தா துரு புடிக்கும்னு தான இங்க வந்தேன். எப்டியும் நீ எடுத்துடுவன்னு நெனச்சேன். எடுத்துட்டியோன்னு இவ்ளோ நேரம் உன் மூஞ்சியத் தான் பாத்துக்கினு இருந்தேன்.

துர்கா: குழலக் கீழ எறக்குங்க. தரையப் பாத்து.

ஆதிகேசவன்: எறக்கினா வெரலு நகருது. முடியல. பொய்யில்லம்மா, சத்தியமா முடியல.

துர்கா: ஆடாதீங்க. மூச்சு விட்டா போதும். ரேணுகாக்கா! அக்கா!

ரேணுகாம்பாள்: இன்னா துர்கா? நெய்ஞ்சிக்கினு இருக்கேன்.

துர்கா: தறிய விட்டுட்டு தெருவுக்கு ஓடுங்க!

ரேணுகாம்பாள்: வாசல்ல சரவெடி கட்டிக்கினு இருக்கறான், இப்ப போயி தெருவுக்கு ஓடச் சொல்ற!

துர்கா: அப்ப தறிக்குழிக்குள்ள எறங்கிக் குனிஞ்சுக்கோங்க. தல மேல தெரியவே கூடாது.

ரேணுகாம்பாள்: உனக்கு இன்னா பைத்தியமா?

துர்கா: அப்பறம் திட்டுங்க! குனிங்கக்கா!

ரேணுகாம்பாள்: சரி சரி, கத்தாத… குனிஞ்சிட்டேன்.

துர்கா: தலைவரே, நான் பக்கத்துல வரேன். லிவர அமுக்கி குழல மடக்கிடறேன். மடங்கிடுச்சுன்னா குதிரை அடிச்சாலும் தோட்டால படாது.

ஆதிகேசவன்: இவ்ளோ தானா? இத மொதல்லயே பண்ணியிருக்கலாமே!

துர்கா: மொதல்லயே வாயத் தொறந்திருக்கலாமே!

ஆதிகேசவன்: சீக்கிரம்மா… வெரலு எனக்கே தெரியல.

துர்கா: லிவரு நகரல. எறுகிப் போயி கெடக்குது.

ஆதிகேசவன்: எண்ணெ போடலியா நீ?

துர்கா: பேசாதீங்க.

ஆதிகேசவன்: பத்த வெச்சிட்டானுங்க! முருகா… காது…

துர்கா: என்னப் பாருங்க. வாசலப் பாக்காதீங்க. என்னயே பாருங்க.

ஆதிகேசவன்: நழுவுது… துர்கா, நழுவுது!

துர்கா: மடங்கிடுச்சு.

ஆதிகேசவன்: குதிரை அடிச்சிடுச்சேம்மா!

துர்கா: அடிக்கட்டும். குழல் மடங்கி இருக்குது. அதுக்கு மேல எதுவும் ஆவாது. உக்காருங்க… தோ, எடுத்துட்டேன். தோட்டா.

ஆதிகேசவன்: தண்ணி… துளி தண்ணி குடு.

துர்கா: கேன்ல இருக்குது. எடுத்துக் குடிங்க.

ஆதிகேசவன்: குங்குமம் கூட கலையல பாரு.

துர்கா: ம்.

ஆதிகேசவன்: அப்ப நீ தொறந்தே பாக்கல. எனக்கு அரிச்சந்திரன் மாதிரி புத்தி சொன்னியே!

துர்கா: அன்னிக்கு மட்டும் எத்தன பேரு வந்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? ஊர்ல இருக்கற துப்பாக்கி அத்தனையும் ஒரே நாள்ல கொண்டாந்து கொட்டினா…

ஆதிகேசவன்: சரி வுடு. நான் சொல்லல, நீ பாக்கல. வெளிய போச்சுன்னா ரெண்டு பேரு லைசென்சும் காலி. எனக்குக் கொல்ல போச்சு, உனக்குக் கடை போச்சு. இது நம்மளோட இருக்கட்டும். இன்னா? சொல்லும்மா. புள்ளகுட்டிக்காரி நீ.

துர்கா: …சரி.

ரேணுகாம்பாள்: துர்கா! இன்னா தான் நடக்குது உன் கடைல? வா வெளிய. யாரு இந்தப் பெரியவரு, பேயறஞ்ச மாதிரி உக்காந்துக்கினு?

ஆதிகேசவன்: ஒண்ணுமில்லம்மா. பெருச்சாளி. இவ்ளோ பெருசு. உங்க வீட்டுப் பக்கம் தான் பாஞ்சுது.

ரேணுகாம்பாள்: பெருச்சாளிக்கா குழிக்குள்ள குனியச் சொன்ன? கொல பதறிப் போச்சுடி! கொழந்தைய எடுக்கலாம்னு நடுவுல எழுந்தேன். வேட்டு வெடிச்சதும் மறுபடி குனிஞ்சிட்டேன்.

துர்கா: கொழந்த… வீட்டுலயா இருக்கறா? இன்னிக்கு உங்க அம்மா வீட்டுல விடப் போறேன்னு சொன்னீங்களே!

ரேணுகாம்பாள்: எங்க விடறது? ஊர்வலத்துல எப்டி தூக்கிக்கினு போறது? தூளில தூங்கறா. இந்த வேட்டுக்குக் கூட முழிக்கல, பாரேன்.

துர்கா: தூளி எங்க கட்டியிருக்கீங்க?

ரேணுகாம்பாள்: எப்பவும் போல உன் கடைச் செவுத்தோரம் தான். தறி பக்கத்துல இருந்தா தான ஒரு கையால ஆட்டிக்கினே நெய்ய முடியும்?

ஆதிகேசவன்: நான் கெளம்பறேன்மா. பஸ்ஸு போயிடும்…

துர்கா: நில்லுங்க.

ஆதிகேசவன்: துர்கா… வேணாம்மா. சரின்னு சொன்ன…

ரேணுகாம்பாள்: இன்னாடி வேணாங்கறாரு? நீ ஏன் அழுவற?

துர்கா: பெருச்சாளி இல்லக்கா. இவரு துப்பாக்கில தோட்டா இருந்துச்சு. வாங்கின அன்னிக்கே நான் தொறந்து பாத்திருக்கணும். பாக்கல. பாத்தேன்னு பொய் சொல்லிக்கினு, குழல் உங்க வீட்டப் பாத்தாப்ல ரேக்குல போட்டு வெச்சிட்டேன். இந்த ரெண்டு மாசமும் உங்க கொழந்த அதுக்கு நேராத் தான்க்கா தூங்கியிருக்குது.