இரண்டு தட்டு

இரவு பதினொன்றே கால். லுக்கேன்யா மலையடியில், மச்சாகோஸ் போகும் சாலை. ஒரு லாரிகூட இல்லை... கடைசி மட்டாட்டு, ஆளேற்றும் வேன், மட்டும் ஓரமாக நின்றது.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இது என் தோழி முவேனியின் தம்பி கிலோன்சோவுக்கு நடந்தது. நம்மைப் போலவே கேம் எழுதுகிறவன். எனக்கு அவனைப் பிடிக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண்டக்டர் பராசா கீழே நின்று, இறங்கியவர்களின் மூட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தால் டிரைவர் வண்டியை எடுப்பான், திரும்பிப் பார்க்க மாட்டான். உங்களுக்குத் தெரியாததா... மற்றவர்கள் தூக்கத்தில். கிலோன்சோவுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். ஜன்னல் வழியே கையை விட்டு அவனே தட்டினான்.

டங்... டங்.

மூட்டையைக் கொடுத்துவிட்டு ஏற வந்த பராசாவின் ஒரு கால்தான் படியில் இருந்தது. வேன் அவனை இழுத்துக்கொண்டு போனது. ஆள் பிழைக்கவில்லை.

போலீஸிடம் கிலோன்சோ என்ன சொன்னான் தெரியுமா? கண்டக்டர் குடித்திருந்தான், தானே தட்டிவிட்டுத் தானே விழுந்தான் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான், பாவி.

ஆறு மாதம் கழித்து, அந்த வெட்கங்கெட்டவன் மட்டாட்டு ஓட்டும் கேம் எழுதினான். திரையில் இரண்டு தட்டு தட்டினால் வண்டி கிளம்பும். மேல் மூலையில் ‘பயணிகள்’ என்று எழுத்து, பக்கத்தில் எண். எத்தனை பேர் என்பதை உள்ளே ஒரு மாறி, அதாவது வேரியபிள், வைத்திருக்கும், அதையே திரை காட்ட வேண்டும்.

காலி வண்டி. மாறியில் 0. திரையில் 1.

நாம் எல்லோரும் செய்கிற தப்புதான் என்று நினைத்தான். எழுத்தைத் தொடக்கத்தில் ஒரு தடவை எழுதிவிட்டு, எண் மாறும்போது திருப்பி எழுத மறந்துவிடுவோமே, அது. தேடிப் பார்த்தான். திருப்பி எழுதும் வரி சரியான இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு தட்டு தட்டினான். வண்டி கிளம்பியது. திரையில் 1 போய் 0 வந்தது. நிறுத்தினான்... 1. தட்டினான்... 0. யாரோ ஏறி, ஏறி, விழுந்துகொண்டிருந்தார்கள். உள்ளே மாறி அசையவே இல்லை. அறை முழுக்கக் கிளட்ச் கருகிய நாற்றம்.

அன்றைக்குத்தான் அக்காவிடம் உண்மையைச் சொன்னான். முவேனி அழுதாள்.

“போய்ச் சொல்லிடுடா. பராசா அம்மாவை ஊரே குடிகாரனைப் பெத்தவள்னு ஏசுது. நீ சொன்னாத்தான் அது போகும்.”

“செத்தவன் வந்து கேஸ் போடப் போறானா? நீ வாயை மூடு.”

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தான்? மாறியைப் பார்க்கும் வரியையே அழித்தான். அந்த இடத்தில் வெறும் 0 என்று கையால் எழுதினான். கேம் கெட்டாலும் சரி, அந்த 1 கண்ணில் படாமல் இருந்தால் போதும் அவனுக்கு. திரையில் 0 வந்தது. நின்றாலும் 0, கிளம்பினாலும் 0. நிம்மதியாகத் தூங்கினானாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை. அதே கடைசி வேன், அதே மலையடி. உள்ளே இருந்தவர் இறங்க வழிவிட்டுக் கிலோன்சோ கீழே இறங்கினான். திரும்ப ஏற ஒரு காலைப் படியில் வைத்தான்.

டங்... டங்.

புதுக் கண்டக்டர் இரண்டு கையாலும் சோள மூட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தான். உள்ளே இருந்த ஒன்பது பேரும் தட்டவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அவர்களை நான் நம்புகிறேன்.

மறுநாளே முவேனி பராசாவின் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு தம்பியின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். அந்த வரி அவன் எழுதியபடியே இருந்தது. வெறும் 0. அதை மாற்ற உலகத்தில் எதுவும் இல்லை.

அன்று இரவு சாலையோரச் சரளைக்கல்லில் கிடந்து எடுத்த அவன் ஃபோனிலும் அதே கேம் ஓடிக்கொண்டிருந்தது. காலி வண்டி, நின்ற வண்டி. மூலையில்...

பயணிகள் 2.

ஃபோனை வீட்டில் வைத்திருக்க அவளுக்குப் பயம். என்னிடம் கொடுத்துவிட்டாள். இதோ, பாருங்கள். வண்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

யாருக்குத் தைரியம் இருக்கிறதோ, தட்டுங்கள். நான் மாட்டேன்.